ஹிமாலயன் பின் டயரை எப்போது மாற்றலாம்? இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு பதில்

தம்பி கேட்டிருப்பது இதுதான். கீழக்கரையிலிருந்து வாரத்துக்கு நாலு நாள் ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரை வலைக்கடை வசூலுக்குப் போகிறார். வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், கம்பெனியில் வந்த டயர். ஓடியது 11,400 கிலோமீட்டர். பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது, ஓரத்துப் பட்டன்கள் (டயரின் மேல் எழும்பி நிற்கும் ரப்பர் கட்டைகள்) மட்டும் புதுசு மாதிரி நிற்கின்றன. முன் டயர் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஐம்பது வேகத்தைத் தாண்டினால் ஊளையிடுகிறது. போன மாதம் மட்டும் இரண்டு பஞ்சர். மெக்கானிக் "இன்னும் மூவாயிரம் தாராளமா ஓடும்" என்கிறார். கூட்டாளி "ரெண்டையும் சேர்த்து மாத்திடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நான் படகு இன்ஜின் வேலை பார்க்கிறவன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் வண்டி போகாத இறங்குதுறை கிடையாது. முதலில் ஹீரோ இம்பல்ஸ் பைக் வைத்திருந்தேன், அப்புறம் உங்களுடைய அதே ஹிமாலயன். பின்னால் கேரியரில் எப்போதும் ஸ்பானர் பெட்டியும், சமயத்தில் ஒரு சிலிண்டர் ஹெட்டும் இருக்கும். டயர் தேய்த்த அனுபவத்துக்குக் குறைவில்லை.

முதலில் மெக்கானிக் சொன்னதைப் பார்ப்போம். அவர் சொல்வது டி.டபிள்யூ.ஐ. கணக்கு. டயரின் பக்கவாட்டில், பட்டன் தொடங்கும் ஓரத்தை ஒட்டி, இந்த மூன்று ஆங்கில எழுத்தோ ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும். அங்கிருந்து விரலை நேராக மேலே கொண்டுபோனால் பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு தட்டுப்படும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இரு சக்கர வண்டிக்கு மோட்டார் வாகன விதி கேட்கும் பள்ளம் 0.8 மில்லிமீட்டர்தான். உங்கள் பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். கார்டின் தடிமன் கிட்டத்தட்ட அதுதான், எடுத்துப் பாருங்கள். அந்தக் கார்டு அளவு பள்ளம் வரும்வரை ஓட்டலாம் என்று கணக்குப் போட்டால் மூவாயிரம் சரியாகத்தான் இருக்கும். காய்ந்த தாரில் அப்படி ஓட்டினால் ஒன்றும் ஆகாது. தாரில் பிடிப்பது ரப்பர்தான், பட்டன் இல்லை. காய்ந்த தடத்தில் ஓடும் ரேஸ் வண்டி டயர் மொழுமொழுவென்றுதான் இருக்கும்.

ஆனால் நீங்கள் இந்த வண்டியை வாங்கியது தாருக்கு மட்டும் இல்லையே. தார் முடிகிற இடத்திலிருந்து இறங்குதுறைக்குப் போகும் மண் தடம், உப்பளத்து வரப்பு, மழை பெய்தால் கண்மாய்க்கரை. அங்கே ஏ.டி.எம். கார்டு அளவுப் பள்ளம் எதற்கும் ஆகாது. பட்டன் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டும், பிடித்த மண்ணை அடுத்த சுற்றில் உதறித் தள்ளவும் வேண்டும். பள்ளம் பாதியாகிவிட்டாலே உதறுவது நின்றுபோகும். நம் பக்கத்துக் கரிசல் ஈரம் ஒருமுறை பள்ளத்தை அடைத்துவிட்டால் புது டயர் போட்டிருந்தாலும் மொட்டை டயர் போட்டிருந்தாலும் ஒரே கதைதான். புது டயர் நாலு சுற்றில் தன்னைக் கழுவிக்கொள்ளும், பாதி டயர் கழுவாது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் கழுவாமல் சுற்றும் அந்தச் சுற்றுகளில்தான் வண்டி விழுகிறது. ஆக இந்த மாதிரி வண்டிகளில் டயர் இரண்டு தடவை முடிகிறது. மண்ணுக்கு முதலில் முடியும், தாருக்கு ரொம்ப நாள் கழித்து முடியும். மெக்கானிக் சொன்னது இரண்டாவது முடிவு. உங்களுக்கு முதலாவது முடிவு ஏற்கெனவே வந்துவிட்டது போலத் தெரிகிறது.

போலத் தெரிகிறது என்று ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் அளந்து சொல்லவில்லை. அளக்க ஒரு தீக்குச்சி போதும். மருந்து இல்லாத முனையை நடுப் பள்ளத்தில் செங்குத்தாக நிறுத்தி, பட்டனின் மேல்தளம் வரும் இடத்தில் நகத்தால் அழுத்தி அடையாளம் வையுங்கள். பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். குச்சியை டி.டபிள்யூ.ஐ. மேட்டின் மேல் நிறுத்திவிடாதீர்கள், அளவு தப்பாக வரும். சக்கரத்தைச் சுற்றி மூன்று இடத்தில் அளக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. கிடைத்ததில் ஆகக் குறைந்ததுதான் உங்கள் டயரின் அளவு. புது டயர் போட்ட அன்றே அளந்து பில்லின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டால் பாதி எப்போது வந்தது என்று அப்புறம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. என் கணக்கில் நடுவில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் மழைக்காலத்து மண் ரோட்டுக்கு அந்தப் பின் டயர் லாயக்கில்லை. இது சட்டம் இல்லை, நான் விழுந்து எழுந்து வைத்துக்கொண்ட அளவு.

இப்போது உங்கள் பஞ்சருக்கு வருகிறேன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

சீமைக்கருவேலம் இல்லாத ரோடு நம் மாவட்டத்தில் எது? வேலிக்கு வெட்டிப் போட்டது, விறகு லாரியிலிருந்து உதிர்ந்தது, கரிமூட்டத்துக்குப் போகும் வழியில் சிதறியது என்று எங்கும் முள். பச்சை முள் வளைந்து கொடுக்கும். காய்ந்த முள் ஆணி. புது டயரில் அதே முள் பட்டனில் ஏறி ரப்பருக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும், டியூபைத் தொடாது. டயர் தேயத் தேய முள்ளுக்கும் டியூபுக்கும் நடுவில் இருக்கும் சதை குறைகிறது. அதனால்தான் இந்தக் கரையில் டயரின் வயசை முள் நமக்கு முன்னாடியே சொல்லிவிடுகிறது. என் பில் நோட்டில் முதல் டயருக்குக் குறித்து வைத்தது இது: முதல் 8,000 கிலோமீட்டரில் இரண்டு பஞ்சர், அடுத்த 3,000-ல் மூன்று, அதற்கு அடுத்த 2,000-ல் ஐந்து. 13,000-ல் கழற்றிவிட்டேன். கழற்றும்போது டி.டபிள்யூ.ஐ. மேட்டுக்கு மேலே இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடிக்கப் போய் வாலிநோக்கம் உப்பளத்து வெயிலில் இரண்டு மணிநேரம் வண்டியைத் தள்ளியிருக்கிறேன்.

ஆனால் பஞ்சர் எல்லாமே டயர் தேய்ந்ததால் வருவதில்லை. ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். சிக்கல் ஊரில் (பெயர்தான் அப்படி, எனக்கு அங்கே சிக்கல் தீர்ந்ததுதான் அதிகம்) ஒரு பஞ்சர்கடைப் பெரியவர் இதைக் காட்டிக் கொடுத்தார். டியூபைக் கழற்றியதும் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டார். அப்புறம் டியூபைத் தரையில் கிடந்த டயரின் மேலே, வால்வு இருந்த இடத்துக்கு நேராக வைத்தார். ஓட்டை தரையைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால் முள், ரிம்மைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால் துரு. என்னுடையது தரைப் பக்கம். உடனே ஒட்டுப் போடவில்லை அவர். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கத்தில், சாக்பீஸ் வட்டத்துக்கு நேரே மெதுவாகத் தடவினார். ஓரிடத்தில் பஞ்சு இழுபட்டு நூல் நூலாகப் பிரிந்தது. அங்கே கடுகளவு முள்முனை. விரலால் தடவியிருந்தால் தெரிந்திருக்காது, தெரிந்தால் ரத்தத்தோடுதான் தெரிந்திருக்கும். முந்தின பஞ்சரிலேயே அது உள்ளே தங்கிவிட்டது, இரண்டு தடவை காசு வாங்கியவர்கள் யாரும் தேடவில்லை. குறடால் பிடுங்கிப் போட்டார். அப்புறம் அந்த இடத்தில் பஞ்சர் வரவே இல்லை. உங்கள் இரண்டு பஞ்சரும் டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவா என்று ஒட்டைப் பாருங்கள். இருந்தால் அது ஒரே முள்ளின் வேலையாக இருக்கலாம், டயரைக் குற்றம் சொல்ல முடியாது.

ரிம் பக்கத்து ஓட்டை வேறு கதை, அது கடற்கரை வண்டிகளுக்கே உரிய நோய். நம் வண்டிகளில் ஸ்போக்ஸ் ரிம். ஒவ்வொரு கம்பியின் தலையிலும் ஒரு நிப்பிள், அதன் மேல் ரிம்டேப் என்று ஒரு ரப்பர் பட்டை, அதன் மேல் டியூப். உப்புக்காற்றும் உப்புத்தண்ணியும் நிப்பிளைத் தின்று முள்ளாக்கிவிடும். பட்டையும் இற்றுப்போகும். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டாலும் காற்று அடிக்கிற நாளில் மணலும் உப்புச் சாரலும் ரோட்டின் மேல்தான். போய்வந்த அன்றே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் ஒரு வருஷத்தில் ரிம்முக்குள் துரு பூக்கும். டயர் மாற்றும் நாள்தான் ரிம்மின் உள்பக்கத்தை நாம் பார்க்கும் ஒரே நாள். அன்றைக்குக் கம்பித் தூரிகை போட்டுத் துருவை எடுத்து, பட்டையைப் புதுசாகப் போட்டு, டியூபும் புதுசாகவே போடுங்கள். பழைய டியூப் விரிந்து பெரிதாகியிருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழும், மடிப்பில் உரசி ஓட்டை விழும். டயருக்குக் கொடுக்கும் காசில் டியூப் விலை ஒரு ஓரத்துக்கு வராது.

சரி, நடுவில் தட்டையானது ஏன்? ஈ.சி.ஆர். நேர் ரோடு. வளைவு எங்கே இருக்கிறது நமக்கு? மலைக்காரர்களுக்கு ஓரமும் சேர்ந்து தேயும். நமக்கு நடு மட்டும் தேயும், அதிலும் பின்னால் சுமை, பங்குனி சித்திரை வெயிலில் கொதிக்கிற தார். தட்டையான டயரில் ஓட்டும்போது ஒன்று கவனித்திருப்பீர்கள். வண்டியைச் சாய்க்கும்போது முதலில் சாய மாட்டேன் என்னும், அப்புறம் திடீரென்று தொப்பென்று விழுகிற மாதிரி சாயும். தட்டைத் தளத்திலிருந்து ஓர விளிம்பைத் தாண்டும் இடம் அது. ஓரத்துப் பட்டன் புதுசாக இருக்கிறது என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அந்த விளிம்புதான் ஈர ரோட்டில் ஆளைக் கவிழ்ப்பது.

ஒரு கார்த்திகை மாதம் பாம்பன் பாலத்தில் எனக்கு நடந்தது. 1988-ல் திறந்த அந்த ரோட்டுப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், குறுக்கே இணைப்புகளில் இரும்பு. மழை விட்டுத் தூறல், பக்கவாட்டில் காற்று. காற்றுக்கு எதிராக வண்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும். அந்தச் சாய்வில் பின் டயர் தட்டையின் விளிம்பில் நிற்கிறது. இரும்பு இணைப்பு வந்ததும் பின்சக்கரம் ஒரு சாண் அளவு விலகி, இணைப்பைத் தாண்டியதும் மறுபடி பிடித்தது. விழவில்லை. நாற்பதில் போனேன், ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டேன், அதனால் பிழைத்தேன். எதிரே சுற்றுலா பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. மண்டபம் வந்து டீ குடிக்கும்போதுதான் கை நடுங்குவதே தெரிந்தது. அன்றைக்கு அந்த டயரில் நடுப்பள்ளம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலேயே இருந்தது. சட்டப்படி நல்ல டயர்.

அதனால்தான் மாற்றும் நேரத்தை நான் மீட்டரைப் பார்த்து முடிவு செய்வதில்லை, மாதத்தைப் பார்த்துச் செய்கிறேன். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழிப் பாதி வரை. மீதி வருஷம் முழுக்க வறண்ட வெயில்தான். 3 மில்லிமீட்டர் இருக்கும் அதே டயரைத் தை மாதம் கொண்டுவந்து காட்டினால் "ஓட்டுங்க, ஆடி வரைக்கும் கவலையில்லை" என்பேன். பஞ்சர் கூடும், அதற்குக் கையில் ஒரு டியூபும் டயர் கழற்றும் லிவரும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். புரட்டாசியில் கொண்டுவந்தால் "கழற்றுங்க" என்பேன். இப்போது புரட்டாசி.

முன் டயருக்கு இந்தச் சலுகை கிடையாது. பின் டயர் வழுக்கினால் வண்டி வால் ஆட்டும், பிடித்துவிடலாம். முன் டயர் வழுக்கினால் யோசிக்கும் முன்னால் தரை. நல்லவேளை, முன் டயர் மெதுவாகத்தான் தேயும். என் வண்டியில் இரண்டு பின் டயருக்கு ஒரு முன் டயர் என்று ஓடியது. உங்கள் முன் டயரின் ஊளைச் சத்தம் எதனால் என்று கையால் கண்டுபிடிக்கலாம். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி உள்ளங்கையைப் பட்டன்கள் மேல் முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ரம்பப் பல் மாதிரி தடுக்கினால் பட்டன்கள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. பிரேக் அடிப்பதால் கொஞ்சம் வருவது இயல்பு. காற்று குறைவாக ஓட்டியிருந்தால் சீக்கிரம் வரும். ஹிமாலயனுக்குத் தனி ஆளாகப் போக முன்னால் 25, பின்னால் 32 பி.எஸ்.ஐ. மணலுக்காகக் குறைத்துவிட்டு அப்படியே தாரில் வீடு வந்து சேர்கிறீர்களோ என்று சந்தேகம். சத்தம் மட்டும்தான், கைப்பிடி ஆடவில்லை, பள்ளமும் பாதிக்கு மேல் இருக்கிறது என்றால் முன் டயர் இந்த மழையைத் தாண்டும். கைப்பிடி உதறினாலோ, பாதிக்குக் கீழே போயிருந்தாலோ கூட்டாளி பேச்சைக் கேளுங்கள். அப்படி இல்லாமல் சோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று ஒன்றும் இல்லை. முன்னது 21 அங்குலம், பின்னது 17. இரண்டும் வேறு வேறு ஜாதி.

மணல் என்று சொன்னதால் ஒன்று. உலர்ந்த கடல் மணலில் பட்டன் ஆழத்தைவிடக் காற்றின் அளவுதான் வேலை செய்யும். குறைத்தால் டயர் அகன்று மணலில் மிதக்கும். ஆனால் நம் வண்டியில் டயரை ரிம்மோடு கவ்விப் பிடிக்கும் பூட்டு எதுவும் கிடையாது. ரொம்பக் குறைத்தால் டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றும், டியூபையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு வேரோடு பிடுங்கும். வால்வு ரிம்மிலிருந்து நேராக நிற்காமல் சாய்ந்து நின்றால் அது நடக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நான் 18-க்குக் கீழே இறக்குவதில்லை.

பட்டன் எவ்வளவு இருந்தாலும் யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டிய நிலைகளும் உண்டு. பக்கச்சுவரில் வெட்டு விழுந்து உள்ளே நூல் தெரிந்தால் முடிந்தது. பனைமட்டையின் கருக்கு, முருகைக்கல், உடைந்த சிப்பி இவையெல்லாம் கீழே கடிப்பதைவிடப் பக்கத்தில்தான் அதிகம் கிழிக்கும். பக்கத்தில் கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு ஈ.சி.ஆர். ஏறாதீர்கள். அப்புறம் வயசு. பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் ஆகி, கட்டைவிரலால் அழுத்தும்போது சுவரில் மயிர் மயிராக வெடிப்பு தெரிந்தால் பட்டன் இருந்தும் பிரயோசனமில்லை. நிழல் இல்லாத இறங்குதுறையில் நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும். புது டயர் வாங்கும்போதும் அந்த நாலு இலக்கத்தை முதலில் பாருங்கள். கடையில் மூன்று வருஷம் தூங்கியதைப் புதுசு என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். இருக்கும் கொஞ்சச் சதையையும் வெட்டி முள்ளுக்கு வழி போட்டுக் கொடுக்கும் வேலை அது. வேண்டாம்.

உங்களுக்கு என் பதில்: அளந்து பாருங்கள், நடுவில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் (இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்) பின் டயரை இந்த மாதமே மாற்றுங்கள். அதே 120/90-17 அளவு, கம்பெனியில் வந்த மாதிரி பட்டன். பெரிய பெரிய பட்டன் டயரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், உங்கள் ஓட்டத்தில் முக்கால்வாசி தார், அது பாதி ஆயுளில் கரைந்துவிடும். பக்கத்தில் அம்புக்குறி எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்து மாட்டச் சொல்லுங்கள், அவசரத்தில் திருப்பி மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் மேலே இருக்கும் வழவழப்பு போகும்வரை நிதானம். அந்த வழவழப்போடு மழையில் பாம்பன் பாலம் ஏற வேண்டாம். முன் டயரைத் தையில் மறுபடி அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

கழற்றிய பழசைப் பஞ்சர்கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். மூக்கையூரில் வள்ளம் வைத்திருப்பவர் யாரிடமாவது கேளுங்கள், படகும் படகும் இடிக்காமல் இருக்கப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட வாங்கிக்கொள்வார்கள். எனக்குப் போன தடவை அதற்கு ஒரு கூறு நகரை மீன் கிடைத்தது.